சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி 350 டாலர்

“வெளியே இருக்கிறவன் வழக்குப் போட்டால் கட்டணம் கட்டுகிறான். உள்ளே இருக்கிறவன் மட்டும் ஏன் சும்மா போட வேண்டும்?” அமெரிக்கச் சிறைக் கைதிகளின் வழக்குகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வியை யாராவது கேட்காமல் இருப்பதில்லை. கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத்தான் படுகிறது. சோறு, படுக்கை, மருந்து எல்லாம் அரசு செலவு. அதற்கு மேல் நீதிமன்றமும் இலவசமா என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கேள்விக்குள் ஒரு புரட்டு ஒளிந்திருக்கிறது. கட்டணம் கட்ட வசதியுள்ள ஒருவரோடு கைதியை அது நிறுத்திப் பார்க்கிறது. நிறுத்திப் பார்க்க வேண்டியது வெளியே இருக்கும் ஏழையோடு. ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குத் தொடுக்க 405 டாலர் வேண்டும்: சட்டத்திலேயே எழுதியிருக்கும் 350, அதோடு நிர்வாகக் கட்டணம் 55. வெளியே இருக்கும் ஏழை தன் வரவு செலவைப் படிவத்தில் எழுதி, சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்திட்டு, நீதிபதியும் ஒப்புக்கொண்டால் 405 டாலரும் தள்ளுபடி. கைதியும் அதே கேள்விகளுக்குப் பதில் எழுதி, அதே அனுமதியைப் பெறுகிறார். அவருக்குத் தள்ளுபடி ஆவது 55 மட்டும். மிச்சம் 350 அவர் பெயரில் கடனாக ஏறுகிறது. வழக்கில் தோற்றாலும் கடன் கடன்தான். பிரதிவாதிக்குச் சம்மன் போவதற்கு முன்பே நீதிபதி பிராதைத் தள்ளிவிட்டாலும் கடன் கடன்தான்.

இரண்டு பேருக்கும் கிடைக்கும் அனுமதிக்குப் பெயர் ஒன்றே: ‘இன் ஃபார்மா பாப்பரிஸ்’. ஏழையின் முறையில் வழக்காடுவது என்று பொருள். 1892இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதற்கான சட்டத்தை இயற்றியபோது ஏழை என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. அந்த வசதியைப் பெற ஆண்டியாகிவிட வேண்டியதில்லை, தன்னையும் தன்னை நம்பியிருப்பவர்களையும் காப்பாற்றிக்கொண்டு கட்டணமும் கட்ட இயலாதவர் என்றால் போதும் என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1959இல், மேல்முறையீட்டு அனுமதி மனுவுக்கு 20 டாலர் கட்டாததால் ஓஹாயோவில் ஒரு கைதியின் காகிதத்தைப் பதிவு செய்யவே மறுத்த வழக்கில் கைதி பக்கம் தீர்ப்பு வந்தது. 1961இல் ஐயோவா மாநிலத்தின் ஆட்கொணர்வு மனுவுக்கான கட்டணம் வெறும் 4 டாலர். அந்த நாலு டாலர்கூட இல்லாதவனின் மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றது அதே நீதிமன்றம். 1962இல் ஃபுளோரிடா சிறையிலிருந்து கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவும் இந்த ஏழை வழியில்தான் உச்ச நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்ற 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதிலிருந்து பிறந்தது.

1996 ஏப்ரல் 26இல் நிலைமை மாறியது. ஒரு பெரிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வாலில் கட்டி நிறைவேற்றப்பட்டது சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம். அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். அன்று முதல் ஏழைக் கைதிக்கு விலக்கு கிடையாது, தவணை உண்டு.

மாதம் 4 டாலர் 80 சென்ட்

தவணை எப்படி ஓடுகிறது என்பதைக் காசு காசாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். வழக்குத் தொடுக்கும் கைதி மூன்று காகிதங்களை ஒன்றாக அனுப்ப வேண்டும். ஒன்று, பிராது. இரண்டாவது, முன்பணம் கட்டாமல் வழக்காட அனுமதி கேட்கும் விண்ணப்பம். தன்னிடம் என்ன இருக்கிறது, மாதம் என்ன வருகிறது என்ற உறுதிமொழி அதிலேயே அடங்கும். மூன்றாவது, சிறையில் அவர் பெயரில் இருக்கும் கணக்கின் ஆறு மாதச் சிட்டை. வழக்குத் தொடுத்த நாளுக்கு உடனே முந்தைய ஆறு மாதங்களாக அது இருக்க வேண்டும், சிறை அதிகாரி சான்றளித்ததாகவும் இருக்க வேண்டும். நீதிமன்றம் அந்தச் சிட்டையிலிருந்து இரண்டு சராசரிகளை எடுக்கும்: மாதம் சராசரியாகக் கணக்கில் விழுந்த பணம், மாதம் சராசரியாகக் கணக்கில் இருந்த இருப்பு. எது பெரிதோ அதில் 20 சதவீதம் முதல் தவணை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும், முந்தின மாதம் வந்த வரவில் 20 சதவீதம். கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும் மாதங்களில் மட்டும் சிறை நிர்வாகம் அதை எடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்பும். முழுத் தொகையும் தீரும்வரை இது நிற்காது.

ஃபெடரல் சிறைகளில் சமையல், துப்புரவு, பராமரிப்பு மாதிரியான வேலைகளுக்கு மணிக்கு 12 முதல் 40 சென்ட் வரை கூலி. சிறைக்குள்ளேயே பொருள் தயாரிக்கும் ‘யூனிகார்’ என்ற அரசு நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் இடம் கிடைத்தவர்களுக்கு 23 சென்ட்டில் தொடங்கி 1 டாலர் 15 சென்ட் வரை போகும். டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களின் சிறைகளில் வழக்கமான வேலைகளுக்குக் கூலியே இல்லை. நடுவாக ஒரு கணக்குப் போடலாம். மணிக்கு 20 சென்ட், மாதம் 120 மணி நேரம், வீட்டிலிருந்து பணம் வருவதில்லை. மாத வரவு 24 டாலர். அதில் 20 சதவீதம் 4 டாலர் 80 சென்ட். முதல் தவணையும் அதுவே. மிச்சம் 345 டாலர் 20 சென்ட். அதைக் கட்டி முடிக்க 72 மாதங்கள், அதாவது ஆறு வருஷம். இடையில் ஒரு மாதம்கூட வேலை போகாமல், தனிமைச் சிறைக்கு மாற்றப்படாமல், இருப்பு 10 டாலருக்குக் கீழே இறங்காமல் இருந்தால்தான் இந்த ஆறு வருஷமும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சட்டம் வந்தபோது வழக்குக் கட்டணம் 350 இல்லை, 120. அதே ஆண்டின் இறுதியில் 150 ஆனது, 2005இல் 250, 2006இல் 350. கட்டணம் ஏறியபோது 20 சதவீதமும் அசையவில்லை, 10 டாலர் வரம்பும் அசையவில்லை. அதே 24 டாலர் வரவுக்காரர் 120 டாலர் கடனை முதல் தவணையும் 24 மாதங்களுமாக, இரண்டு வருஷத்தில் தீர்த்திருப்பார். இரண்டு வருஷக் கடனுக்கென்று தைத்த சட்டையை ஆறு வருஷக் கடனுக்கு மாட்டியிருக்கிறார்கள். 1996இன் 10 டாலருக்குக் கேன்டீனில் என்ன கிடைத்தது, இன்றைய 10 டாலருக்கு என்ன கிடைக்கிறது என்பது தனிக் கதை.

தவணை வழியில் தவறுகள் நடக்கும் இடங்கள் ஏறக்குறைய நிலையானவை. சிட்டை பழையதாக இருக்கும். ஜனவரியில் வாங்கிவைத்ததை மே மாதம் அனுப்பியிருப்பார். அல்லது சிட்டை சரி, சான்றளித்த கையெழுத்து இருக்காது. அல்லது அந்த ஆறு மாதத்தில் இரண்டு சிறைகளில் இருந்திருப்பார், இப்போதைய சிறையின் சிட்டை மட்டும் போயிருக்கும். இருந்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் சிட்டை வேண்டும், மாவட்டக் காவல் சிறையும் அதில் சேர்த்தி. குறை இருந்தால் நீதிமன்றம் பெரும்பாலும் 30 நாள் அவகாசம் கொடுத்து உத்தரவு போடும். அந்த முப்பது நாளில் கணக்கு அலுவலகம் சிட்டையைத் தராமல் இழுத்தடித்தால் பழி கைதிமேல்தான் விழும். அதனால் சிட்டை கேட்டு எழுதிய சீட்டின் நகலைத் தேதியோடு வைத்துக்கொண்டு, “கேட்டேன், தரவில்லை, இன்னும் அவகாசம் வேண்டும்” என்று நகலை இணைத்து, கெடு முடிவதற்குள் நீதிமன்றத்துக்கு எழுதிவிட வேண்டும். கெடு தாண்டி எழுதும் காரணம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் எடுபடுவது கடினம். காகிதத்தைச் சிறை அதிகாரியிடம் தபாலுக்குக் கொடுத்த நாளே தாக்கல் செய்த நாள் என்று மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பெரும்பாலான நீதிமன்றங்கள் அதைப் பிராதுக்கும் பொருத்துகின்றன. ஆகவே கொடுத்த தேதியைக் காகிதத்திலேயே எழுதிவைப்பது முக்கியம். டென்னசியில் ஒரே வருஷம், டெக்சாஸில் இரண்டு வருஷம் என்று காலவரம்பு ஓடும் வழக்குகளில் இந்த ஒரு தேதி வழக்கையே காப்பாற்றும்.

பணத்தை மறைப்பது இன்னொரு வகை ஆபத்து. வறுமை பற்றிச் சொன்னது பொய் என்று தெரிந்தால் வழக்கைத் தள்ளியாக வேண்டும் என்கிறது சட்டம். போன மாதம் அக்கா அனுப்பிய 200 டாலரை எழுதாமல் விட்டால், அது சிட்டையில் தெரியத்தான் போகிறது. எழுதிவிட்டால் முதல் தவணை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சேர்த்துவைத்த பணம் நிறைய இருப்பவருக்கு அனுமதியே கிடைக்காமல் 405 டாலரையும் ஒரேயடியாகக் கட்டச் சொல்லலாம். கையில் ஒன்றுமே இல்லாதவருக்கு வேறு விதி: முதல் தவணைகூடக் கட்ட வழியில்லை என்பதற்காக எந்தக் கைதியின் வழக்கையும் தடுக்கக் கூடாது. கூலி இல்லாத மாநிலங்களில் பலர் இந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அவர்கள் பெயரிலும் 350 கடன் ஏறும். என்றைக்காவது அம்மா பிறந்த நாளுக்கு 50 டாலர் அனுப்பினால் அதிலிருந்து 10 டாலர் அந்தக் கடனுக்குப் போகும். வரவு என்றால் கூலி மட்டும் இல்லை, வீட்டிலிருந்து வருவதும் வரவுதான்.

ஒன்றுக்கு மேற்பட்ட கடன் இருந்தால்? ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனி 20 சதவீதமா, எல்லா வழக்குக்கும் சேர்த்து 20 சதவீதமா என்று கீழமை நீதிமன்றங்கள் பல வருஷம் பிரிந்து கிடந்தன. 2016 ஜனவரியில், புரூஸ் எதிர் சாமுவேல்ஸ் வழக்கில், தனித்தனிதான் என்று நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய ஒருமனதான தீர்ப்பு வந்தது. இரண்டு கடன் என்றால் 40 சதவீதம், ஐந்து என்றால் 100. கணக்கில் 10 டாலர் மிஞ்சும் என்பதுதான் பாதுகாப்பாம். மேல்முறையீடும் தனிக் கடன்தான், 605 டாலர். நம் 24 டாலர்காரர் கீழே தோற்று மேலே போனால் மாதம் 9 டாலர் 60 சென்ட் பிடிப்பார்கள். மேல்முறையீட்டுக் கடன் தீரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். இழப்பீட்டுத் தொகை, பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம், ஃபெடரல் சிறையில் மருத்துவரைப் பார்க்கக் கேட்டால் பல சமயம் 2 டாலர் என்று மற்றப் பிடித்தங்களும் அதே கணக்கில்தான் கை வைக்கும்.

ஒரு ஜாடி பீநட் பட்டர்

இவ்வளவும் எதற்காக? 1990களின் நடுவில் காங்கிரஸில் சொல்லப்பட்ட காரணம் எளிமையானது: வீண் வழக்குகள். அந்தப் புகாரை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். 1995இல் கைதிகள் ஃபெடரல் நீதிமன்றங்களில் போட்ட சிவில் உரிமை வழக்குகள் ஏறக்குறைய 40,000. கையெழுத்துப் புரியாத, சட்டம் தெரியாத, ஒரே ஆள் ஒரே விஷயத்தை நாற்பது முறை எழுதியனுப்பிய காகிதங்களை ஒரு எழுத்தர் உட்கார்ந்து பிரித்துப் படித்தாக வேண்டியிருந்தது. அந்த அலுப்பு பொய்யில்லை. ஆனால் அந்த அலுப்பை நாட்டு மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது எண்ணிக்கை அல்ல, ஒரு கதை. மாநிலங்களின் தலைமைச் சட்ட அதிகாரிகளான அட்டர்னி ஜெனரல்கள் வீண் வழக்குகள் என்று ஒரு பட்டியல் போட்டுச் சுற்றுக்கு விட்டார்கள். அதில் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது பீநட் பட்டர் வழக்கு. கைதி ஒருவர் பருப்புத் துணுக்கு உள்ள பீநட் பட்டர் கேட்டாராம், வழுவழுப்பான வகையைக் கொடுத்தார்களாம், அதற்கு வழக்குப் போட்டாராம். செனட்டில் சொன்னார்கள், பத்திரிகைகள் எழுதின, நாடே சிரித்தது.

ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்திருக்கின்றன. அந்த நேரத்தில் இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் ஜான் நியூமன். அவர் யாரும் செய்யாத ஒரு வேலையைச் செய்தார்: வழக்குக் கட்டை வரவழைத்துப் படித்தார். விஷயம் இதுதான். கைதி தன் காசில் கேன்டீனில் இரண்டு ஜாடி பீநட் பட்டருக்குச் சொல்லியிருக்கிறார். ஒன்று தவறான வகை. அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார், காவலரும் வாங்கிக்கொண்டு, சரியானது நாளைக்கு வரும் என்றார். வரவேயில்லை. அதற்குள் கைதியை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். கணக்கில் பிடித்த 2 டாலர் 50 சென்ட்டும் திரும்பவில்லை. அவர் கேட்டது சுவை அல்ல, தன் இரண்டரை டாலர். நியூமன் இதை 1996இல் ஒரு சட்ட இதழில் எழுதினார். சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது. கதை இன்றைக்கும் பழைய வடிவத்தில்தான் சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில்தான் ஆரம்பத்தில் சொன்ன கேள்வி எனக்குத் தலைகீழானது. இரண்டரை டாலருக்காக ஃபெடரல் நீதிமன்றத்தை நாடுவது அதிகப்படி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது வீண் வழக்கு அல்ல, சிறிய வழக்கு. அவர் சொன்னது உண்மை, அவருக்குச் சேர வேண்டியதும் உண்மை. வீணும் சிறியதும் வேறு வேறு. கட்டணத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அப்படிச் சுமைகூலியைக் கூட்டிவிட்டால் சுண்டைக்காய்க்காரர்கள் சந்தைக்கு வரமாட்டார்கள். அழுகிய பூசணிக்காய்க்காரர் வருவார். கற்பனையில் பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்பவருக்கு 350 டாலர் ஒரு தடையே இல்லை, அதுவும் மாதம் 4 டாலர் 80 சென்ட்டாக. மறுபக்கம், உடம்பில் காயம் இல்லாமல் மனவேதனைக்கு மட்டும் நஷ்டஈடு கேட்க முடியாது என்று இதே சட்டத்தில் வேறொரு பிரிவு சொல்கிறது. வேதப் புத்தகத்தைப் பறித்துவிட்டார்கள், வக்கீலுக்கு எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்தார்கள் என்ற வழக்கில் கைதி ஜெயித்தாலும் பல வட்டாரங்களில் கைக்கு வருவது அடையாளமாக ஒரு டாலராக இருக்கலாம். அந்த ஒரு டாலருக்குச் சுமைகூலி 350. ஜெயித்தால் கட்டணத்தை எதிர்த் தரப்பிடம் வழக்குச் செலவாகக் கேட்கலாம் என்பது உண்மை. ஜெயிக்க வேண்டுமே.

1996க்குப் பிறகு வழக்குகளின் எண்ணிக்கை சரிந்தது. கட்டணம் களையைத்தான் பிடுங்கியது என்றால், மிச்சம் நின்ற பயிரில் கைதிகள் ஜெயிக்கும் விகிதம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்று இந்த வழக்குகளைப் பல வருஷம் எண்ணிப் பார்த்த பேராசிரியர் மார்கோ ஷ்லாங்கர் காட்டியிருக்கிறார். இந்தச் சட்டத்தின் மற்ற முட்டுக்கட்டைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் பழி முழுவதையும் கட்டணத்தின் மேல் போடுவது சரியில்லை. ஆனால் களையெடுப்பு என்ற பேச்சை அதற்குப் பிறகும் நம்புவது கடினம்.

ஒரே குளிர், பத்துக் கட்டணம்

குளிர்காலத்தில் சூடேற்றி ஓடாத ஒரு கூடத்தில் பத்துக் கைதிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே ஒரு குடியிருப்பில் பத்துப் பேருக்கு இதே பிரச்சினை என்றால் ஒரே பிராது, ஒரே 405, ஆளுக்கு நாற்பது டாலர் ஐம்பது சென்ட். உள்ளே இருக்கும் பத்துப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா அடங்கிய பதினோராவது வட்டாரத்தில், ஏழை முறையில் வழக்காடும் கைதிகள் சேர்ந்து ஒரு வழக்குப் போட முடியாது. தனித்தனி வழக்கு, தனித்தனி 350. இல்லினாய் இருக்கும் ஏழாவது வட்டாரத்திலும் பென்சில்வேனியா இருக்கும் மூன்றாவது வட்டாரத்திலும் சேர்ந்து போடலாம், ஆனால் ஆளுக்கு முழு 350, ஆகமொத்தம் 3,500. மிச்சிகனும் ஓஹாயோவும் இருக்கும் ஆறாவது வட்டாரத்தில் மட்டும் 1997 முதலே ஒரு கட்டணத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சிவில் வழக்குக்குச் சட்டம் அனுமதித்த தொகைக்கு மேல் எந்நிலையிலும் வசூலிக்கக் கூடாது என்று இதே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒரு வழக்குக்கு 3,500 வாங்குவது அந்த வரிக்குள் எப்படி அடங்கும் என்று கேட்டால், வரம்பு ஆளுக்குத்தான், வழக்குக்கு இல்லை என்கிறார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. குறையைப் பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் நீதிமன்றத்துக்கு வேலை மிச்சம். அப்படி மிச்சம் பண்ணிக் கொடுப்பவர்களுக்குப் பத்து மடங்கு அபராதம்.

எந்தக் கதவைத் தட்டுவது

கட்டணத்தைப் பற்றிக் கைதிக்கு யாராவது ஒன்றே ஒன்று சொல்ல முடியும் என்றால், கதவைப் பார்த்துத் தட்டு என்பதைத்தான் சொல்ல வேண்டும். தண்டனையே தவறு, விடுதலை வேண்டும் என்பது ஆட்கொணர்வு மனு. கட்டணம் 5 டாலர், மேலே சொன்ன தவணை விதியும் அதற்கு இல்லை. ஃபெடரல் தண்டனையை அது விதித்த நீதிமன்றத்திலேயே எதிர்க்கும் மனுவுக்குக் கட்டணமே இல்லை. சிறையில் நடத்தும் விதம் தவறு, மருந்து தரவில்லை, அடித்தார்கள் என்பது சிவில் உரிமை வழக்கு, 350. 5 டாலர் மனுவில் மருந்துப் பிரச்சினையை எழுதினால் நீதிபதி அதை மனுவாகத் தள்ளலாம், அல்லது சிவில் வழக்காக மாற்றிக் கருதலாம். மாற்றினால் கடனும் கூடவே மாறும். மாற்றுவதற்கு முன் உன் சம்மதம் வேண்டும் என்று எழுதிக் கேட்கும் நீதிபதிகள் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, சிறைக்குள் இருக்கும் முறையீட்டுப் படிகளை முடிக்காமல் வழக்குப் போடுவது. ஃபெடரல் சிறையில் முதலில் வாய்மொழியாகவோ சிறு சீட்டிலோ தீர்க்கப் பார்க்க வேண்டும். அதோடு சம்பவம் நடந்து 20 நாளுக்குள் சிறைத் தலைவருக்கு எழுத்து முறையீடு, அவர் பதிலிலிருந்து 20 நாளுக்குள் சிறைத் துறையின் வட்டார அலுவலகம், அங்கிருந்து 30 நாளுக்குள் அத்துறையின் தலைமைச் சட்ட அலுவலகம். இதில் ஒரு படி தப்பினாலும் வழக்கு தள்ளுபடியாகலாம். மறுபடி தொடுக்கத் தடையில்லாத தள்ளுபடி என்று உத்தரவில் ஆறுதலாக எழுதியிருக்கும். மறுபடி தொடுத்தால் அது புது வழக்கு, புது எண், இன்னொரு 350. பழைய 350 அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தபாலில் போடுமுன் கடைசிப் படியின் பதில் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது ஆறு வருஷத் தவணையை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, ஸ்ட்ரைக் கணக்கு. அற்பமானது, கெட்ட எண்ணத்தோடு போட்டது, சட்டப்படி நிவாரணம் கேட்கத் தகுந்த குறை எதையும் சொல்லாதது என்ற மூன்று காரணங்களில் ஒன்றுக்காகச் சிறையிலிருந்து போட்ட வழக்கோ மேல்முறையீடோ தள்ளுபடியானால் ஒரு ஸ்ட்ரைக். மூன்று விழுந்துவிட்டால் தவணை வழி மூடிக்கொள்ளும். 405 டாலரையும் முன்னாலேயே வைத்தால்தான் வழக்கு. உடனடியாகக் கடுமையான உடல் தீங்கு நேரும் ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு. போன மாதம் அடித்தார்கள் என்பது போதாது, வழக்குத் தொடுக்கும் நாளில் ஆபத்து இருக்க வேண்டும். தள்ளுபடியை எதிர்த்து மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தாலும் ஸ்ட்ரைக் விழுந்ததுதான் என்று 2015இலும், மறுபடி தொடுக்கலாம் என்று சொல்லித் தள்ளினாலும் ஸ்ட்ரைக்தான் என்று 2020இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிராதில் குறை இருந்தால், தள்ளும்வரை காத்திராமல் திருத்த அனுமதி கேட்பதுதான் புத்திசாலித்தனம். பிராதைத் திருத்தத் தனிக் கட்டணம் இல்லை, திருத்த நேரம் கொடுப்பது ஸ்ட்ரைக்கும் இல்லை.

405ஐக் குடும்பம் கட்டிவிட முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாமா என்ற கேள்வியும் வரும். ஒரு விஷயத்தை யோசித்துக்கொள்வது நல்லது. ஏழை முறை அனுமதி கிடைத்தவருக்கு, நீதிபதி செய்யும் முதல் வடிகட்டலில் வழக்கு தப்பிவிட்டால், பிரதிவாதிகளுக்குச் சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது ஃபெடரல் நீதிமன்றங்களின் காவல் அதிகாரிகளான அமெரிக்க மார்ஷல்களின் வேலை. பிரதிவாதிக்கு ஒன்று வீதம் யுஎஸ்எம்-285 படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும். முழுக் கட்டணம் கட்டியவருக்கு அது தானாக நடக்காது, நீதிமன்றத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். கேட்க மறந்து 90 நாள் கெடுவைத் தாண்டினால் அதனாலேயே வழக்கு போய்விடக்கூடும். 55 டாலர் அதிகம் கொடுத்து ஒரு தலைவலியையும் சேர்த்து வாங்கிய மாதிரி.

தீர்ப்பு வந்து வழக்குக் கட்டு மூடப்பட்ட பிறகும் தவணை வந்துகொண்டே இருக்கும். கைதி வேறு சிறைக்கு மாறினால் உத்தரவும் அவர் பின்னாலேயே போகும். கடன் தீருமுன் விடுதலையானால் என்ன ஆகும் என்பதில் நீதிமன்றங்கள் மறுபடி பிரிகின்றன. ஐந்தாவது, ஏழாவது வட்டாரங்களில் உள்ளே இருந்தபோது விழுந்த கடன் விழுந்ததுதான். நியூயார்க் அடங்கிய இரண்டாவது வட்டாரத்திலும், நான்காவது, பத்தாவது வட்டாரங்களிலும், வாசலைத் தாண்டியதும் அவர் கைதி இல்லை. மிச்சத்தைக் கட்ட முடியாது என்றால் வெளியே இருக்கும் ஏழைக்கான விண்ணப்பத்தைப் புதிதாக நிரப்பி அனுப்பலாம். கையில் என்ன இருக்கிறது, மாதம் என்ன வருகிறது என்ற அதே கேள்விகள். ஆறு மாதச் சிட்டை மட்டும் வேண்டாம். நீதிபதி ஒப்புக்கொண்டால் மிச்சக் கடன் அத்தோடு தள்ளுபடி.